வாத்துக்காரி லீசலின் கன்னம்

எம்டன், 11 மே 1997

அன்புள்ள அல்மூட்,

இங்கே நான் நலம், கண்ணைத் தவிர. காது போய் நாளாகிவிட்டது, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஓல்டன்பர்க் கண் மருத்துவருக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. எனக்குக் கேட்காது என்பதால் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறதாம். ஓரங்கள் தங்குமாம். "ஓரத்த மட்டும் வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?" என்று கேட்டேன். "சுவரில் முட்டிக்கொள்ளாமல் நடக்கலாம்" என்று எழுதினார். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை.

ஆக, பார்க்க வேண்டியதை இலை உதிர்வதற்குள் பார்த்துவிட வேண்டும். அப்படி ஒன்றும் நிறைய இல்லை. உன் ஊர் நீரூற்றில் நிற்கும் வெண்கலப் பெண் லீசலைப் பார்க்க வேண்டும். அம்மா மாட்டிய படம் இன்னும் தேநீர் மேசைக்கு மேலேதான் தொங்குகிறது. நீ நீரூற்றின் மேல் ஏறி, ஒரு கையால் இரும்புக் கொடிப்பந்தலைப் பிடித்துக்கொண்டு, அந்த வாத்துக்காரப் பெண்ணின் கன்னத்தில் முத்தமிடுகிறாய். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்தான் அப்படிச் செய்வார்கள் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நீ ஏன் எங்களைக் கூப்பிடவில்லை என்று அம்மா கேட்டதே இல்லை. நானும் கேட்கக் கூடாது என்று உத்தரவு. இப்போதும் கேட்கவில்லை.

ஜூலை முதல் வெள்ளிக்கிழமை வருகிறேன். பல்கலைக்கழகப் பருவம் முடியும் வெள்ளிகளில்தான் நிறையப் பேர் ஏறுவார்கள் என்று நீ எப்போதோ எழுதியிருந்தாய். யாராவது ஒரு வீட்டுப் பிள்ளை ஏறுவதைப் பார்த்தால், என் பிள்ளை ஏறியது எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்வேன்.

இன்று காற்று வடமேற்கிலிருந்து.

உன் அப்பா ஓக்கோ


கோட்டிங்கன், 18 மே 1997

அன்புள்ள கேஷே,

உன் விடுதி நிரம்பத் தொடங்கியிருக்கும். இடுப்புக்கு அந்தப் பட்டையைப் போட்டுக்கொள்கிறாயா? தொலைபேசியில் சொல்லியிருப்பேன். ஆனால் அது வரவேற்பு மேசையில் இருக்கிறது, எப்போதும் யாராவது சாவி கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்பா லீசலைப் பார்க்க வருகிறாராம். ஜூலை நான்காம் தேதி. அன்றைக்குத்தான் என் வாய்மொழித் தேர்வு.

இதை எழுதிவிட்டுச் சிரித்தேன். பிறகு எழுந்து போய் ஜன்னலருகே நின்றேன். முழுக்கதையும் தெரிந்தவள் நீ ஒருத்திதான். 1977இல் அது என் தோழி ரெனாட்டேயின் நாள். அவள் தேறினாள், அவளைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து நகரமன்றச் சதுக்கத்துக்கு இழுத்துப் போனோம், அவள் ஏறி முத்தமிட்டாள். பிறகு ஒயின் தலைக்கேறி நாங்கள் எல்லோருமே ஏறினோம். யாரோ என்னைப் படம் எடுத்தார்கள். படத்தில் நான் அழகாக இருந்தேன். அம்மாவுக்கு அதை அனுப்பியதற்கு வேறு காரணமே இல்லை. பின்பக்கம் "இன்று சந்தோஷமாக இருந்தேன்" என்று மட்டும் எழுதினேன்.

அடுத்த வாரம் வந்த உறையில் 'டாக்டர் அல்மூட் ஹார்ம்ஸ்' என்று இருந்தது. உள்ளே, எம்டன் செய்தித்தாளில் அம்மா கொடுத்த வாழ்த்து விளம்பரம். தெரு முழுக்க கேக் சுட்டுக் கொடுத்தாளாம். அடுத்த வருடம் எப்படியும் முடித்துவிடுவேன், ஒரு வருட வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன். பேராசிரியர் வேறு ஊருக்குப் போனார், உதவித்தொகை நின்றது, ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சதுப்பு மண்ணில் புதைந்த பழைய பூந்தூளை உருப்பெருக்கியில் பார்த்து எண்ணும் வேலை. மற்றவர்கள் பட்டத்துக்காக எண்ணிக்கொடுத்தேன். அவர்கள் தேறும்போது தலையில் வைக்கும் அட்டைத் தொப்பியையும் நானே ஒட்டிக்கொடுத்தேன். இப்போதுதான், நாற்பத்தாறு வயதில், எனக்காக எண்ணி முடித்திருக்கிறேன்.

அம்மா போன பிறகும் அப்பா உறையில் அப்படியேதான் எழுதுகிறார். எங்கள் அஞ்சல்காரர் வேடெகிண்ட் ஒருமுறை கேட்டேவிட்டார். "டாக்டர்னு வருது, கதவுல வெறும் ஹார்ம்ஸ்னு இருக்கு. இது உங்களுக்குத்தானா?" எங்க அப்பா விளையாட்டுக்கு எழுதறார் என்றேன். இப்போது கேட்பதில்லை, சிரித்துக்கொண்டே நீட்டுகிறார்.

நான் ஏறும்போது அப்பா கீழே நிற்க வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிய ஆசை இல்லை. ஆனால் அவர் நின்றால் என் பெயர் எழுதிய வண்டியைப் பார்ப்பார். பார்த்தால் அம்மா கேக் சுட்டது எதற்கு என்று ஆகிவிடும். என்ன செய்ய?

பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்.

அல்மூட்


நோர்டன், 24 மே 1997

அக்கா,

இடுப்புப் பட்டையை நாய் கடித்துவிட்டது. மற்றபடி எல்லோரும் சுகம்.

என்ன செய்வதா? சொல்லிவிடு. இருபது வருடம் டாக்டராக இருந்தும் யாருக்கும் ஒரு ஜலதோஷம்கூடக் குணமாக்கவில்லை நீ. இந்த ஒரு காரியத்தையாவது செய்.

ஞாயிறன்று அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். டிக்கெட் வாங்கிவிட்டார். புதுக் காலணியும். வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகிக்கொண்டிருந்தார். அவர் காதருகே போய்க் கத்தினேன். "அப்பா, அது வெண்கலப் பொண்ணு. உங்க காலப் பாத்து என்ன நெனக்கப் போகுது?" அவர் சொன்னார், "அவ கன்னத்துல டாக்டருங்கதான் முத்தம் குடுக்கறாங்க. பெரிய எடத்துப் பழக்கம். நாம போய்ப் பழைய செருப்போட நின்னா நல்லாருக்காது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, உன்மேல் கோபமும் வந்தது. அவர் பார்வை நாள் பார்த்துக் காத்திருக்காது, அக்கா. தேநீர் ஊற்றும்போது கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டு, கோப்பையைத் திட்டுகிறார்.

கேஷே


கோட்டிங்கன், 2 ஜூன் 1997

அன்புள்ள அப்பா,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்கால் பரவாயில்லை. இங்கே தெருவோர லிண்டன் மரங்கள் அரும்பியிருக்கின்றன.

நீங்கள் வருவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஜூலையில் வேண்டாம் அப்பா. சதுக்கத்துக்கு அடியில் குழாய் மாற்றுகிறார்கள். எல்லா இடத்திலும் பள்ளம். லீசலைச் சுற்றிப் பலகை அடித்து மூடிவிட்டார்கள், தண்ணீரும் இல்லை. இவ்வளவு தூரம் வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போவீர்கள். செப்டம்பரில் வாருங்கள். நானே ரயில் நிலையத்துக்கு வந்து அழைத்துப் போகிறேன். இரண்டு நாள் தங்கலாம்.

கண்ணுக்குக் கொடுத்த சொட்டு மருந்தை மறக்காதீர்கள்.

அன்புடன், அல்மூட்


எம்டன், 15 ஜூன் 1997

அன்புள்ள அல்மூட்,

நலம். குழாய் என்றால் குழாய்தான், அதனோடு வாதாட முடியாது. பலகைக்குள் அந்த வாத்துகளுக்கு மூச்சு முட்டாமல் இருக்க வேண்டும்.

செப்டம்பர் நல்ல மாதம். டிக்கெட்டை என்ன செய்வதென்று பார்க்கிறேன்.

புதுக் காலணி இப்போது கடிப்பதில்லை.

காற்று இல்லை இன்று.

அப்பா


கோட்டிங்கன், 8 ஜூலை 1997

அன்புள்ள கேஷே,

தேறிவிட்டேன். உன் வாழ்த்துத் தந்தி தேர்வுக்கு முன்பே கிடைத்தது. விடுதியில் எல்லோரும் நலம்தானே?

தேர்வறையில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். வெளியே வந்தால் ஆய்வகத்துப் பிள்ளைகள் வண்டியோடு நிற்கிறார்கள். நான் எத்தனையோ பேருக்குத் தொப்பி ஒட்டியிருக்கிறேன், எனக்கு ஒன்று ஒட்டுவார்கள் என்று ஏனோ நினைக்கவே இல்லை. உச்சியில் காய்ந்த சதுப்பு மண் கட்டி ஒன்று, அதன்மேல் களிமண் வாத்து. வண்டியின் முன்னால் கதவளவு பலகையில் என் பெயர், அதற்கு முன்னால் டாக்டர்.

சதுக்கத்தில் ஒரு பள்ளம்கூட இல்லை. வாத்துகளின் வாயிலிருந்து தண்ணீர் தாராளமாகக் கொட்டியது. அதைப் பார்த்ததும் எனக்கு முகம் சூடேறியது. தொட்டியின் விளிம்பில் கால் வைத்து ஏறும்போது வழுக்கிவிட்டது. கட்டம்போட்ட சட்டைப் பையன் ஒருவன் பிடித்துக்கொண்டான். கணுக்கால் வீங்கியிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். இப்போது அங்கே நிற்பது நகல். ஏழு வருடத்துக்கு முன் பழைய லீசலை அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். 1977இல், எந்தத் தகுதியும் இல்லாமல், நான் முத்தமிட்டது நிஜமானவளை. இப்போது எல்லாத் தகுதியோடும் ஏறி நகலுக்குக் கொடுத்தேன். கன்னம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது, இரண்டு தடவையும்.

பிள்ளைகள் கொடுத்த பூங்கொத்தை அவள் கையில் செருகிவிட்டுத் திரும்பிக் கீழே பார்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். மருந்துக்கடை ஓரமாக ஒரு நீலத் தொப்பி தெரிந்தது, அப்பாவும் நம் ஊர்க் கப்பல்காரர்களும் போடுவது போல. அந்தத் தொப்பி இங்கேயும் விற்கிறது போலிருக்கிறது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து இன்னொரு புட்டியைத் திறந்தார்கள்.

செப்டம்பரில் அப்பா வரட்டும். நானும் அவரும் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். அப்போது சொல்லிவிடுவேன்.

அல்மூட்


கோட்டிங்கன், 12 ஜூலை 1997

அன்புள்ள அப்பா,

எப்படி இருக்கிறீர்கள்? மருத்துவர் புதிதாக ஏதும் எழுதிக் காட்டினாரா?

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. சைக்கிளிலிருந்து இறங்கும்போது கணுக்கால் பிசகி, வீட்டில்தான் இருக்கிறேன். குழாய் வேலை நடந்துகொண்டிருக்கிறது. செப்டம்பரில் எந்த வாரம் என்று எழுதுங்கள், விடுப்பு எடுக்க வேண்டும்.

அன்புடன், அல்மூட்


எம்டன், 27 ஜூலை 1997

அன்புள்ள அல்மூட்,

நான் நலம். கணுக்காலுக்கு இரவில் தயிர்க்கட்டி வைத்துத் துணியால் கட்டு, அம்மா அப்படித்தான் செய்வாள். ஈரக் கல்லில் யாருக்கும் கால் வழுக்கும். ரப்பர் அடி வைத்த காலணி போட்டுக்கொள்.

செப்டம்பரில் வரவில்லை. வருத்தம் ஒன்றும் இல்லை, நீயும் வருத்தப்படாதே. லீசல் எங்கேயும் போகப்போவதில்லை. உனக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுது. பெரிய எழுத்தாக எழுது, அப்போதுதான் நானே படிக்க முடியும்.

காற்று தெற்கிலிருந்து. துணி சீக்கிரம் காய்கிறது.

அப்பா


கோட்டிங்கன், 10 ஆகஸ்ட் 1997

அன்புள்ள கேஷே,

உங்களுக்கெல்லாம் சுகம்தானே? எனக்கு மனம் சரியில்லை.

அப்பா வரவில்லை என்று எழுதிவிட்டார். படித்ததும் முதலில் வந்தது நிம்மதி, அதை உன்னிடம் மறைக்கவில்லை. பிறகு உறையைத் திருப்பிப் பார்த்தேன். வெறும் 'அல்மூட் ஹார்ம்ஸ்' என்றிருக்கிறது. இத்தனை வருடத்தில் இதுவே முதல் தடவை. வேடெகிண்ட்கூடக் கேட்டார், "என்ன, அப்பாவுக்கு விளையாட்டு அலுத்துப்போச்சா?"

மறந்துவிட்டாரா? கண்ணோடு ஞாபகமும் போகிறதா? நேரில் பார்த்துச் சொல். அவருக்கு எழுத உட்காருகிறேன், 'அன்புள்ள அப்பா' வரைதான் வருகிறது.

அல்மூட்


நோர்டன், 5 அக்டோபர் 1997

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. அப்பாவை இங்கே அழைத்து வந்துவிட்டேன், அதில் நாள் ஓடிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நடுப்பார்வை முழுவதும் போய்விட்டது. ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, ஓரக்கண்ணால் என் ஏப்ரனைப் பார்த்து "கேஷேதான?" என்கிறார். முகம் தெரிவதில்லை.

நேற்று அவர் பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது, கோட்டுப் பையில் ரயில் டிக்கெட் அகப்பட்டது. கோட்டிங்கன் போய்வர. ஜூலை நான்கு. போகும்போதும் வரும்போதும் துளை போட்டிருந்தது.

அன்றைக்குக் கண் மருத்துவரிடம் போவதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தார். காதருகே போய், "இது என்னப்பா?" என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ பிறகு என்னைத் திட்டினாலும் சரி.

"டிக்கெட் வீணாப் போவுதேன்னு போனேன். பலகையாவது பாத்துட்டு வருவோம்னு. போனா, பள்ளமும் இல்ல, பலகையும் இல்ல. தண்ணி ஜோரா கொட்டுது. மனசு ஒடிஞ்சுபோச்சு. அப்பன் சத்தம் போட்டுப் பேசுவான், நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க, அதான் வர வேணாம்னு சொல்லியிருக்கான்னு நெனச்சேன். மருந்துக்கடைப் பக்கம் நின்னுக்கிட்டு, அடுத்த ரயிலுக்குப் போயிடலாம்னு இருந்தேன். அப்ப ஒரு வண்டி வந்துச்சு. பலகைல பேரு. எனக்கு அப்பக் கண்ணு இருந்துச்சு, படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாம் புரிஞ்சுபோச்சு. நான் ஒவ்வொரு உறையிலயும் டாக்டர் டாக்டர்னு எழுதி எழுதி அனுப்பிச்சிருக்கேன். பாவம், பிரிக்கறப்பல்லாம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?"

"முன்னால போய் நின்னிருக்கலாமே, அப்பா."

"நின்னிருந்தா அவ எங்கிட்ட பதில் சொல்லணும். அவ நாளு அது. அன்னிக்கு எதுக்கு அவ யாருக்கும் பதில் சொல்லணும்? ஒரு பொண்ணு வந்து கையில ஒயின் குடுத்துச்சு, என்னமோ கேட்டுச்சு. சொந்தக்காரரான்னு கேட்டிருக்கும். தலைய ஆட்டினேன். ஆமான்னு ஆட்டினனா, இல்லன்னு ஆட்டினனான்னு எனக்கே தெரியல."

எழுந்து போகப் பார்த்தேன், என் ஏப்ரனைப் பிடித்து நிறுத்தினார்.

"அவ ஏறறப்ப வழுக்கிடுச்சு. நான் கைத்தடியப் போட்டுட்டு கைய நீட்டிட்டேன். அவ்ளோ தூரத்துலேர்ந்து. வேற யாரோ ஒரு பையன் புடிச்சுட்டான்."

அக்கா, நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய பாத்திரம்.

அம்மாவை நினைத்துத்தான் நீ சொல்லாமல் இருந்தாய் என்று அவரிடம் சொன்னேன். அதற்குச் சிரித்தார். "உங்கம்மா கேக்கு சுட்டது ஒண்ணும் வீணில்ல. கொஞ்சம் முன்னாடியே சுட்டுட்டா, அவ்ளோதான். அவ ரயிலுக்குக்கூட ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நிக்கறவதான" என்றார்.

உறையில் டாக்டர் என்று ஏன் எழுதவில்லை என்றும் கேட்டேன். "அவ வாயால சொல்லட்டும். சொன்ன அன்னிக்கு எழுதறேன்னு இருந்தேன். கடுதாசி வரும் வரும்னு பாத்தேன். அதுக்குள்ள எழுத்து மறைஞ்சுபோச்சு" என்றார்.

இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். சொல்லிவிட்டேன்.

கேஷே


கோட்டிங்கன், 12 அக்டோபர் 1997

அன்புள்ள அப்பா,

கேஷே இதை உங்கள் காதருகே சத்தமாகப் படிக்கட்டும். விடுதியில் தங்கியிருப்பவர்கள் கேட்டாலும் பரவாயில்லை.

ஜூலை நான்காம் தேதி எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. சதுப்பு மண்ணில் இருக்கும் பூந்தூளைப் பற்றிய ஆய்வு. மாலையில் வண்டியில் வைத்து இழுத்துப் போனார்கள். லீசலின் கன்னத்தில் முத்தமிட்டேன். ஏறும்போது கல் ஈரமாக இருந்தது.

மேலேயிருந்து ஒரு நீலத் தொப்பியைப் பார்த்தேன். யாரோ என்று நினைத்துவிட்டேன்.

இந்தச் செய்தியை உங்களுக்குத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் அல்மூட்


கோட்டிங்கன், 1 நவம்பர் 1997

அன்புள்ள கேஷே,

உங்கள் கடிதம் வந்தது. நீ கத்திப் படித்ததைச் சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக் கைதட்டினார்கள் என்றும், அப்பா எழுந்து நின்று, எந்தத் திசையிலிருந்து கைதட்டுகிறார்கள் என்று தெரியாமல் ஜன்னலுக்கு வணக்கம் சொன்னார் என்றும் எழுதியிருந்தாய். அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஜன்னலை எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். அவருக்கு என் முகம் தெரியாது என்று எனக்குத் தெரியும். அவர் பார்வையின் ஓரத்தில் எங்கே உட்கார வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

உறையை நானேதான் எழுதுவேன் என்று அவர் அடம் பிடித்ததாக எழுதியிருந்தாயே, அது இப்போது என் முன்னால் இருக்கிறது. 'டாக்டர்' என்ற சொல் அஞ்சல்தலைக்கு மேலேயே ஏறி, உறையின் பாதியைப் பிடித்துக்கொண்டது. என் பெயரின் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து ஓரத்தில் தொங்குகின்றன. தெருப் பெயருக்கு இடமே இல்லை, அதை நீ கீழே சின்னதாக எழுதியிருக்கிறாய்.

வேடெகிண்ட் அதைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "இந்தத் தடவ அப்பா ரொம்பவே விளையாடிட்டார் போல. பேரையே படிக்க முடியல. டாக்டர்ங்கறது மட்டும்தான் தெரியுது. இது உங்களுக்குத்தானா?"

எனக்குத்தான் என்றேன்.

அல்மூட்